பொருள் எண் 14

எங்கள் பேரூராட்சி அலுவலகத்துக்கு நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை. ஊரில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது. ‘ஜெராக்ஸ் அக்கா கடை’ என்றால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். ஆடி, ஆவணியில் உட்கார்ந்து ஈ ஓட்டுவேன். பங்குனி பிறந்துவிட்டால் மதியச் சோற்றுப் போசியை நாலு மணிக்குத்தான் திறப்பேன். மார்ச் 31க்குள் வரி வசூல் கணக்கை முடிக்க வேண்டும், ஏப்ரல் 1 முதல் சந்தைக் குத்தகை புது ஆள் கைக்குப் போக வேண்டும், நடுவில் மாரியம்மன் கோயில் நோன்பைத் தொடங்கி வைக்கும் பூச்சாட்டு வேறு. மூன்றும் ஒரே மாதத்தில் வந்து விழுவதால் ஊரில் ஆளாளுக்கு ஏதோ ஒரு தாளுக்கு ரெண்டு காப்பி வேண்டியிருக்கிறது.

முதலில் வருவது ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ. “சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் நிலுவை வைத்துள்ள பொதுமக்கள் உடனடியாகச் செலுத்தி, குடிநீர் இணைப்புத் துண்டிப்பைத் தவிர்த்துக்கொள்ளுமாறு…” பதிவு செய்த பெண் குரல். வருடா வருடம் அதே குரல், அதே இடத்தில் ஒரு கரகரப்பு. இந்தத் தடவை அது எங்கள் வீதிக்குள் வந்தபோது வார்டில் தண்ணீர் வந்து ஏழு நாள் ஆகியிருந்தது. கடைத் திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆத்தா ஆட்டோவை நிமிர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “ஏங்கண்ணு, வராத தண்ணிய எப்புடிப் புடுங்குவாங்க?”

வரி விஷயத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மேசைக்கு வந்தவர்களை வைத்துச் சொல்வதானால், ஓட்டு வீட்டுக்காரர்கள் ஆட்டோ சத்தம் கேட்ட மறுநாளே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். மாடிவீட்டுக்காரர்கள்தான் பில் கலெக்டர் மூன்று தடவை வாசலுக்கு வந்த பிறகு, கைப்பேசியில் ‘பார்த்துச் செய்யுங்க’ என்கிறார்கள். 2022 ஏப்ரலில் வரியை உயர்த்தியபோது 600 சதுர அடிக்குள் இருந்த வீட்டுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50 சதவீதம், 1,800க்கு மேல் போனால் 100 சதவீதம் என்று படி படியாக வைத்தார்கள். என் வீடு 580 சதுர அடி. இருபது அடியில் தப்பித்தேன் என்று அன்றைக்கு மாவிளக்கே வைத்திருக்கலாம். இன்னொரு சங்கதி, புது அரையாண்டு வரியை ஏப்ரல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, 5,000 ரூபாய் வரைக்கும். இதைக் கணக்காகப் பிடித்துக்கொண்டு ஏப்ரல் முதல் வாரமே வந்து நிற்பவர்கள் எங்கள் ஊரில் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். அத்தனை பேரும் ஓய்வுபெற்ற வாத்தியார்கள்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன்.

கொங்குப் பக்கத்து மாரியம்மன் நோன்பு தெரியாதவர்களுக்காக: பூச்சாட்டு முடிந்த பிறகு மூன்று கிளை பிரிந்த மரத்தை வெட்டி வந்து கோயில் முன்னால் நடுவார்கள். அதுதான் கம்பம். கம்பம்தான் அம்மனின் புருஷன். நட்ட மறுநாள் விடியலிலிருந்து பிடுங்குகிற நாள் வரைக்கும் பெண்கள் ஈரத் துணியோடு குடம் குடமாக மஞ்சள் தண்ணீரைக் கம்பத்துக்கு ஊற்றுவோம். ராத்திரியில் பையன்கள் தப்பட்டை அடிக்கு அதைச் சுற்றி ஆடுவார்கள். கம்பம் நட்ட பிறகு ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டிப் போய் ராத் தங்கக்கூடாது. வேலைக்குத் திருப்பூர் போனாலும் கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்துவிட வேண்டும். இந்தக் கட்டுப்பாடு எங்கள் கவுன்சிலருக்கும் உண்டு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் கம்பம் நட்ட மறுநாள் விடியற்காலை குழாய் வறண்டு ஒன்பது நாள். எங்கள் ஊரில் ரெண்டு தண்ணீர். குடிக்க ஆத்துத் தண்ணி, புழங்க போர்த் தண்ணி; போர்த் தண்ணியை உப்புத் தண்ணி என்போம். உப்புத் தண்ணியை அம்மனின் புருஷனுக்கு ஊற்ற யாருக்கும் மனசில்லை. நாலரை மணிக்கு முப்பது பெண்கள் காலிக் குடத்தோடு கவுன்சிலர் வீட்டுக்கு முன்னால் நின்றோம். நானும்தான்.

எங்கள் ஏழாவது வார்டு பெண்களுக்கு ஒதுக்கியது. கவுன்சிலர் அக்கா இட்லி மாவு அரைத்து விற்பவர். ஜெயித்த பிறகும் மாவு விற்பதை விடவில்லை, விடவும் முடியாது. பேரூராட்சி உறுப்பினருக்கு மாதம் 2,500 ரூபாய் மதிப்பூதியம். அதுவே 2023இல்தான் வந்தது. வார்டில் நடக்கும் காதுகுத்துக்கும் சீருக்கும் மொய் வைக்கவே அது காணாது. முதல் வருடம் முழுக்க அவர் பின்னால் நிற்க, அவர் வீட்டுக்காரர்தான் ‘நம்ம வார்டுல’ என்று எல்லா இடத்திலும் பேசிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் மேல் எனக்கு ரொம்ப நாள் கடுப்பு. போகட்டும், இப்போது அவர் பேசுவதில்லை. ஏன் நிறுத்தினார் என்பது அவர்கள் வீட்டு விஷயம்.

கதவைத் தட்டினோம். மேல வீதி அத்தை ஒருவர், ஊரில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடும் வயசு, ஆரம்பித்தார்: “ஓட்டுக் கேக்கறப்ப ஊடு ஊடா வந்து கும்புட்டியே அம்மிணி, இப்பத் தண்ணி எங்க?”

கதவு திறந்தது. அக்கா இடுப்பில் ஒரு குடம், அதுவும் காலி. “எனக்கும் வரலீங்க அத்தை. நாலு நாளா உப்புத் தண்ணியிலதான் மாவாட்டறேன். வாங்குனவங்க வாயில வெக்க முடியலன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. நானும் உங்ககூடத்தான் கம்பத்துக்கு வாரேன், நடங்க.”

அத்தைக்குப் பேச்சு நின்றுபோய்விட்டது. ஆனாலும் விடவில்லை, வழி நெடுகத் திட்டிக்கொண்டேதான் வந்தார். அக்காவும் ‘ஆமாங்க, ஆமாங்க’ என்று கேட்டுக்கொண்டே நடந்தார். சந்தைத் திடலுக்குப் பின்னால் இருக்கும் பழைய கிணற்றில் வாளி போட்டு இறைத்து அன்றைக்குக் கம்பத்துக்கு ஊற்றினோம். குடத்தில் கொஞ்சம் பாசி வாடை. வேப்பிலையை அதிகமாகப் போட்டுக்கொண்டோம்.

அன்று மதியம் தலை காய்ந்தும் காயாமலும் கடையில் உட்கார்ந்திருந்தபோது அலுவலகத்திலிருந்து அஜெண்டா வந்தது. அவர்கள் மெஷின் வருடத்தில் பாதி நாள் படுத்த படுக்கை. அதனால் மன்றக் கூட்டத்துக்கு முன்னால் பொருள் நிரல் என்னிடம் வரும். வார்டுக்கு ஒன்றாக 15, அலுவலகத்துக்கு 3, மொத்தம் 18 செட். ஆகவே இந்த ஊருக்கு என்ன ஆகப்போகிறது என்பதை உறுப்பினர்களுக்கு முன்னால் படிப்பவள் நான். ரகசியம் ஒன்றும் இல்லை; ஆனால் படிக்கத்தான் ஆள் கிடையாது. அதன் பாஷை அப்படி. எதுவும் ‘வாங்கினோம்’ என்று இருக்காது, ‘கொள்முதல் செய்யப்பட்ட வகையில்’ என்று இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் ‘மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது’.

பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்பு. தெருவிளக்குச் சாமான். சந்தைக் குத்தகை. தாள் ஓடிக்கொண்டிருந்தது. பதினான்காவது பொருளில் கண் நின்றது. ஏழாவது வார்டு, பள்ளத்துப் பாலம் அருகே பிரதானக் குடிநீர்க் குழாயில் ஏற்பட்ட உடைப்பை, ‘அவசர அவசியம் கருதி’ புதிய குழாய் பதித்துச் சரிசெய்த செலவினம். தொகை எவ்வளவு என்று எழுதினால் வம்பு. ஒரு மாவு மெஷின் வாங்கி, மீதிக்குக் கிரைண்டரும் வாங்கலாம், அவ்வளவு.

முதலில் சந்தோஷமாக இருந்தது. பரவாயில்லையே, சரிசெய்துவிட்டார்களே. மெஷினிலிருந்து ஆறாவது செட் விழும்போதுதான் உறைத்தது. சரிசெய்திருந்தால் நான் விடிகாலையில் எதற்குப் பாசிக் கிணற்றில் வாளி போட்டேன்?

அக்கா மாவுப் பாத்திரத்தோடு சாயங்காலம் அந்தப் பக்கம் போனார். கூப்பிட்டு 14ஐக் காட்டினேன். அவர் ஏழாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி ரெண்டு தடவை படித்தார். “இத்தன நாளு இதெல்லாம் வாங்கிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துருக்கறேன் பாருங்க” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

மன்றக் கூட்டம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். டீ, மிக்சர் உட்பட இருபது நிமிடம். எழுத்தர் ‘பொருள் ஒன்று’ என்பார், யாராவது ‘அனுமதிக்கலாம்’ என்பார்கள், ‘பொருள் ரெண்டு’ என்பார். அன்றைக்கு ஒரு செட்டில் ஒரு பக்கம் விட்டுப்போனது என்று என்னைக் கூப்பிட்டு விட்டார்கள். கொடுத்துவிட்டு வாசலோரம் கொஞ்சம் நின்றேன். வேண்டுமென்றேதான். பதிமூன்று முடிந்தது. அக்கா எழுந்தார். கையில் தாள் நடுங்கியது எனக்குத் தெரிந்தது.

“பதினாலுக்கு நான் ஒத்துக்க மாட்டேனுங்க.”

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த அறையில் அந்த வார்த்தையை அவர் எப்போது கடைசியாகக் கேட்டாரோ. ‘அது ஆன வேலைம்மா, பில்லுக்குத்தான் வருது’ என்று ஒருவர். ‘உங்க வார்டு வேலைதானுங்களே, நீங்களே வேண்டாங்கறீங்களா?’ என்று இன்னொருவர். அக்கா உட்காரவில்லை. “புதுக் கொழாய் போட்டிருந்தாத் தோண்டிக் காட்டுங்க. கண்ணால பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன். கம்பம் நட்டிருக்குதுங்க, நான் ஊர உட்டு எங்கியும் போகல.”

பொருள் எண் 14 ‘ஒத்திவைக்கப்படுகிறது’ என்று எழுதினார்கள். நான் கடைக்கு ஓடி வந்துவிட்டேன். வாடிக்கையாளர் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

நாலாம் நாள் பாலத்தடியில் தோண்டினார்கள். வேடிக்கை பார்க்கப் பாதி வார்டு போனது. பழைய குழாய் அப்படியே இருந்தது. உடைப்பின் மேல் சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கட்டுக்கம்பியால் இறுக்கியிருந்தார்கள். அதுவும் விட்டுப்போய், தண்ணீர் அத்தனையும் பள்ளத்தில் இறங்கி அங்கே கோரை ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. எருமைகளுக்கு அந்தப் பங்குனி நல்ல பங்குனி. யார் பேரில் தப்பு, யார் பணம் எடுத்தார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாததால் எழுதவில்லை. கோயில் பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னால் நிஜமான குழாய்த் துண்டு ஒன்று வந்தது, பதித்தார்கள். மேல வீதி அத்தை கையில் ஒரு முழக்கோலுடன் அருகில் நின்று அளந்து பார்த்தார். அவருக்கு என்ன அளவு தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

இதையெல்லாம் பார்க்கும்போது எனக்கு அந்த ஐந்தரை வருடம் ஞாபகம் வருகிறது. 2011இல் தேர்ந்தெடுத்தவர்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அப்புறம் நகரத்து உள்ளாட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19இல். நடுவில் கவுன்சிலர் என்று ஒருவரும் கிடையாது, அரசு நியமித்த தனி அலுவலர்தான். அந்தக் காலத்தில் என் கடையில் எழுதிய மனுக்கள் எல்லாம் ‘பெறுநர்: தனி அலுவலர்’ என்றே தொடங்கும். நல்ல அதிகாரி வந்தால் நடக்கும், நடக்கவும் நடந்தது. ஆனால் விடிகாலை நாலரைக்குப் போய்க் கதவைத் தட்ட அவருக்கு எங்கள் ஊரில் வீடு கிடையாது. என் கடை முன் விளக்கு எட்டு மாதம் எரியவில்லை. ஒன்பது மனு எழுதினேன், அத்தனையும் என் செலவு. திட்டுவதற்கு ஒரு முகம் கிடைக்கவில்லை.

2022 மார்ச் 2ஆம் தேதி புது உறுப்பினர்கள் பதவியேற்றார்கள், மாலை போட்டுப் பட்டாசு வெடித்தோம். ஏப்ரலில் அவர்கள் முன்னால் வந்து நின்ற முதல் பெரிய காரியம் நான் மேலே சொன்ன வரி உயர்வு. பாவம், மாலை வாடுவதற்குள் ஏச்சு வாங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எங்கள் ஊர் மெயின் ரோட்டுக்குத் தெற்கே ஊராட்சி. ரோட்டைத் தாண்டினால் சட்டமே வேறு. அங்கே நூறு நாள் வேலை உண்டு, எங்களுக்குக் கிடையாது. அங்கே கிராம சபை உண்டு. எங்களுக்கு அதற்குப் பதிலாகப் பகுதி சபை என்று ஒன்றை 2022 நவம்பரில் கொண்டுவந்தார்கள், எங்கள் வார்டில் நான் பார்த்த கூட்டத்தில் நாற்காலிகள்தான் அதிகம். 2025இல் அங்கே நிலைமை தலைகீழ். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர்களின் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, அதன் பிறகு அங்கே தனி அலுவலர். தெற்கே கட்டிக்கொடுத்த என் சித்தி மகள் போன வாரம் நூறு நாள் வேலைச் சம்பளம் வரவில்லை என்று மனு எழுத வந்தாள். ‘யாருக்குடி?’ என்றேன். “அதத்தான் உன்னக் கேக்கலாம்னு வந்தேன்” என்றாள். பழைய கோப்பைத் திறந்து அந்த வரியையே போட்டுக் கொடுத்தேன். பெறுநர்: தனி அலுவலர். காசு வாங்கவில்லை.

சந்தை ஏலத்தைப் பற்றி நிறைய எழுத ஆசை, ஆனால் பெயர் சொல்லாமல் எழுதினால் சுவாரசியம் இல்லை. ஏலம் கேட்க டேவணி என்கிற முன்பணம் கட்டியவர்கள் ஏழு பேர், வாய் திறந்து கேட்டவர்கள் ரெண்டு பேர், மற்ற ஐந்து பேரும் முந்தின நாள் ராத்திரி எங்கே சாப்பிட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். முடிந்தது. எனக்கு அதில் ஆன ஒரே வேலை, கீரை ஆத்தாவுக்காக. வியாழக்கிழமைச் சந்தையில் அவரிடம் சுங்கம் முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஏல அறிவிப்போடு இணைத்திருந்த கட்டணப் பட்டியலில் ‘தலைச்சுமை ஒன்றுக்கு’ பத்து ரூபாய்தான் என்பதைக் காப்பி போடும்போது பார்த்தேன். அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கி, லேமினேஷன் செய்து, அந்த வரியின் கீழ் சிவப்பு மையால் கோடு போட்டுக் கொடுத்தேன். ஆத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் குத்தகைக்காரரின் ஆளிடம் அதை நீட்டி, “சிவப்புக் கோட்டப் படி சாமி, கண்ணு தெரியல” என்றாராம். பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டான். மறுவாரம் வெங்காயக்காரர், கருவாட்டுக்கார அம்மா, வளையல்காரர் என்று பதினோரு பேர் லேமினேஷனுக்கு வந்தார்கள். மெஷின் அன்றைக்குச் சூடாகி ரெண்டு தடவை நின்றது.

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. மாவிளக்கு வரிசை கோயிலிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நின்றது. ராட்டினத்தில் ஏறிய என் மகன் இறங்கியதும் வாந்தி எடுத்தான், அது வருடா வருடம். ஞாயிற்றுக்கிழமை கம்பத்தைப் பிடுங்கி வாய்க்காலில் விட்டார்கள். கம்பம் போகும்போது வயசான பெண்கள் அழுவார்கள். எனக்கும் இந்த வருடம் தொண்டை அடைத்தது.

அதற்குப் பிறகு மஞ்சள் நீராட்டு. முறைப்பிள்ளைகள் மேல் ஊற்றுவதுதான் வழக்கம். ஆனால் மேல வீதி அத்தை அண்டாவையே வீதி முனையில் வைத்துக்கொண்டு கவுன்சிலர் அக்கா வரும்வரை காத்திருந்தார். “இத்தன நாளு தண்ணி காட்டாதவளுக்கு ஊத்துங்கடி!” என்று ஒரு சத்தம். இருபது பெண்கள் சொம்போடு பாய்ந்தார்கள். அக்கா ஓடவும் இல்லை, முகத்தை மூடிக்கொண்டு நடு வீதியில் நின்று சிரித்துக்கொண்டே நனைந்தார். ஊற்றியது ஆத்துத் தண்ணீர். அன்று காலை குழாயில் வந்ததுதான்.

கொஞ்ச நேரம் கழித்துக் கடைக்கு வந்தார். சேலை முழுக்க மஞ்சள், தலையில் வேப்பிலை. பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பள்ளிக்கூட வீதியில் சாக்கடை மூடி உடைந்து கிடப்பதாக வார்டு பெண்கள் எழுதிய மனு, அவருக்கே எழுதியது. அடுத்த கூட்டத்தில் வைக்க அஞ்சு காப்பி வேண்டும் என்றார். தாளில் அவர் விரல் ஐந்தும் மஞ்சளாகப் பதிந்திருந்தது. துடைத்தால் எழுத்தும் போய்விடும் போலிருந்தது. அப்படியே மெஷினில் வைத்தேன். மஞ்சள் என் மெஷினுக்குத் தெரியாது, சாம்பலாகத்தான் விழும். அஞ்சு காப்பியிலும் மனுவின் மேல் ஐந்து விரல் தெளிவாக விழுந்திருந்தது.

“அழுக்காட்டம் தெரியுதுங்களே அக்கா, வேற எழுதித் தரட்டுங்களா?” என்றேன்.

“இருக்கட்டும் கண்ணு” என்று வாங்கிக்கொண்டு, ஈரக் காசு பத்து ரூபாயை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.